திருவொற்றியூர் பொண்ணு போட்ட ராத்திரி பிளான்

காலடிப்பேட்டையில் ஒரு மாடி வீடு. கூடத்துத் தரையில் அம்மா எறால் உரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருக்கிறாள் மகள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா கட்டிலில். மூன்று பேருக்கும் நடுவே ஒரு சார்ட் பேப்பர் விரிந்து கிடக்கிறது. மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறரை வரைக்கும் அதில் கட்டம் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் ஊதா, பச்சை, சிவப்பு என்று அடித்திருக்கிறாள். எறால் தண்ணீர் ஒரு மூலையை நனைத்திருக்கிறது. நான் குனிந்து படிக்கிறேன்: எம்67, என்ஜிசி 2903, சோம்ப்ரேரோ, ஒமேகா சென்டாரி. எனக்கு அங்கேயே கைதட்டத் தோன்றியது. நாம் படத்தில் மட்டும் பார்த்து வாய்பிளக்கிற விண்மீன் கூட்டங்கள் இந்த ஈரக் காகிதத்தில்தான் முதலில் வரிசைக்கு வருகின்றன!

அவள் வானியற்பியல் ஆராய்ச்சி மாணவி. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 1.3 மீட்டர் தொலைநோக்கியில் அவளுக்கு இரண்டு ராத்திரி ஒதுக்கியிருக்கிறார்கள். மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் எழுதி, இதை ஏன் பார்க்க வேண்டும், இந்தத் தொலைநோக்கி எதற்கு, எவ்வளவு நேரம் தேவை என்று ஒரு குழுவுக்குக் காரணம் சொல்லி வாங்கிய ராத்திரிகள். கூட வர எனக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. பத்திரிகையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு இந்த ஒரு அனுமதி போதும் என்கிற அளவுக்குக் குதித்தேன்.

"ஒமேகாவ எத்தினி மணிக்கு உள்ள எடுக்கறே?" என்கிறார் அப்பா.

"நாலு மணிக்கு நைனா. அதுக்கு முன்னால அது ரொம்பக் கீழ இருக்கும்."

"அப்ப மூணே முக்காலுக்கே முன்னால இருக்கறத வெளிய அனுப்பிடணும். லேட்டாச்சுன்னா லைன் முழுக்க நிக்கும்."

அவர் பேசுவது கப்பல் கணக்கு. வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களில் எதை எப்போது உள்ளே எடுப்பது, எந்த பெர்த்தில் கட்டுவது, எத்தனை மணி நேரம் சரக்கு, அடுத்தது எப்போது என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர். மகள் எப்படியெல்லாமோ விளக்கியும் புரியாத வானியல், "ஒரே ஒரு பெர்த்து, ஆறு கப்பல், விடிஞ்சா துறைமுகம் மூடிடும்" என்று சொன்னதும் நொடியில் புரிந்துவிட்டதாம். அதிலிருந்து அவளுடைய எல்லாத் திட்டத்தையும் அவர்தான் முதலில் சரிபார்க்கிறார். அவர் திருத்திய ஒரு கட்டத்தை நானே பார்த்தேன்: ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குத் திருப்ப அவள் மூன்று நிமிடம் விட்டிருந்தாள். "டோமும் கூடவே சுத்தணும் இல்ல? பத்து போடு" என்றார். போட்டாள்.

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டினாள். தெற்கே துறைமுகத்தின் உயரக் கம்ப விளக்குகள், மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கம் ஆரஞ்சு வெளிச்சம், வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள். கண்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதியில் அந்த வெளிச்சமெல்லாம் பட்டுச் சிதறி, தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. விரல் விட்டு எண்ணினோம். கொஞ்ச நேரத்தில் எண்ணி முடித்துவிட்டோம். காசிமேட்டில் கட்டுமரம் தள்ளிய தலைமுறை ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்து நேரம் சொன்ன கரை இது. "இங்கருந்து ஒரு படம் எடுத்தா பாதி மணலிதான்க்கா வரும்" என்றாள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சென்னைக்கு வானாய்வகம் வந்ததில் கப்பலுக்கும் பங்கு இருக்கிறது. வானியலும் புவியியலும் கடற்பயணமும் வளர வேண்டும் என்று சொல்லித்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகத்தைக் கட்டியது. அங்கிருந்துதான் நார்மன் போக்சன் 1861-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏஷியா' என்றே பெயர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறைகிற ஒரு நட்சத்திரத்தை 1867-ல் கண்டார். பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது. அந்தப் பரம்பரை 1899-ல் கொடைக்கானல் ஏறியது. 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு இரவு வானத்துக்காக ஊர் ஊராகத் தேடி, ஜவ்வாது மலையில் சந்தன மரக்காட்டுக்கு நடுவே காவலூரைப் பிடித்தார். சுமார் 725 மீட்டர் உயரம். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை ஆரம்பம்.

சரி, கிளம்பலாம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. இன்றைக்கும் காவலூருக்கு அந்தத் திசையில்தான் போக வேண்டும். நாங்கள் ஏறியது சென்ட்ரலில். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக மலைப்பாதை. பையில் மடிக்கணினி, இரண்டு ஹார்ட் டிஸ்க், கம்பளித் தொப்பி, அம்மா கட்டிக்கொடுத்த எறால் தொக்கு. தொக்கு பாட்டிலுக்கு ஹார்ட் டிஸ்கை விடப் பத்திரமான இடம்.

மதியம் மூன்று மணி. இந்த நேரத்தில் வானாய்வகத்துக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு விசித்திரம்: ஊரே தூங்குகிறது! ராத்திரி முழுக்க விழித்தவர்கள் திரை இழுத்துப் படுத்திருக்கிறார்கள். "மெதுவா பேசுங்க" என்று கையைக் காட்டுகிறார் ஒருவர். மரங்களுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக டோம்கள். எல்லாவற்றிலும் பெரியது வைணு பாப்பு தொலைநோக்கியுடையது. 2.34 மீட்டர் கண்ணாடி; நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி அதற்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார். அந்த டோமின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கழுத்து வலித்தது, மனசும் கொஞ்சம் வலித்தது.

நம்முடையது 1.3 மீட்டர் டோம். 2014-ல் வந்தது, ஜே.சி.பட்டாச்சார்யா பெயரில். கட்டுப்பாட்டு அறைக்குள் வாருங்கள். பளபளக்கும் விண்வெளி நிலையத்தை எதிர்பார்த்து வந்தால் வேறு ஒன்று கிடைக்கும். வரிசையாகத் திரைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒட்டிய குறிப்புச் சீட்டுகள். நாற்காலி முதுகில் யாரோ விட்டுப்போன ஸ்வெட்டர். கொசுவர்த்திச் சாம்பல். நூல் பிரிந்த லாக் புக். கணினி எல்லாவற்றையும் பதிந்தாலும் கையாலும் எழுதுகிறார்கள். வாசலில் டார்ச் லைட் கூட்டம், சிவப்புக் காகிதம் ஒட்டி. வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். ஆனால் பாம்பும் தேளும் உள்ள இடம், டார்ச் இல்லாமல் அடி எடுத்து வைக்கவும் முடியாது.

நைட் அசிஸ்டென்ட் வந்தார். மலையடிவாரத்துக்காரர், இந்த வானத்தோடே வயசானவர். சார்ட் பேப்பரை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினார்.

"ஒமேகாவுக்கு ஒன்றரை மணி நேரமா? நாலரைக்கு மேல பள்ளத்துலருந்து பனி ஏறும்மா. நேத்தும் ஏறுச்சு."

அவள் முகம் சுருங்கியது. மீண்டும் திட்டம். இப்போதுதான் திட்டமிடுதல் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பொருளும் வானத்தில் ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கும். உச்சியில் இருக்கும்போது எடுத்தால்தான் நடுவில் காற்று குறைவு. தலைக்கு நேர் மேலே இருந்தால் ஒரு மடங்கு காற்று. தொடுவானத்திலிருந்து 30 பாகையில் இருந்தால் இரண்டு மடங்கு. இதை ஏர்மாஸ் என்கிறார்கள். ஒமேகா சென்டாரி காவலூருக்கு எவ்வளவு உயர்ந்தாலும் அந்த 30 பாகைதான். லண்டனில் இருந்தால் அதுவும் இல்லை. அங்கே அது எழும்புவதே கிடையாது. பத்து லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் திரண்ட அந்தக் கொத்து, நம் தெற்கத்திக்காரர்களுக்குக் கிடைத்த சீர்.

கடைசியில் சோம்ப்ரேரோவிலிருந்து இருபது நிமிடத்தை வெட்டினார்கள். மேகம் வந்தால் என்ன செய்வது என்று ஓரத்தில் ஒரு மாற்றுப் பட்டியல்: மெல்லிய மேகத்திலும் தாக்குப்பிடிக்கிற பிரகாசமான நட்சத்திரங்கள். "இது இல்லாம வர்றவங்க மேகம் வந்தா டீ குடிச்சிட்டே இருப்பாங்க" என்றார் அவர்.

அன்றைக்கு மகா சிவராத்திரி. தற்செயல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சிவராத்திரி மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில், அமாவாசையை ஒட்டித்தான் வரும். நிலா இல்லாத ராத்திரிதான் மங்கலான விண்மீன் மண்டலங்களைப் படம் பிடிக்க ஏற்றது. அம்மா திருவொற்றியூர்க் கோயிலில் நாலு கால பூஜைக்கு விழித்திருக்க, மகள் காவலூரில் விழித்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பஞ்சாங்கம்!

மாலை ஆறேகால். சூரியன் விழுந்ததும் இந்த அறையில் எல்லோரும் திடீரென்று ஓடுகிறார்கள். மேலே டோமின் கதவு கடகடவென்று திறக்கிற சத்தம் தரையில் அதிர்கிறது. இப்போது எடுப்பது பிளாட். நட்சத்திரம் தெரிவதற்கு முன், வெறும் அந்தி வானத்தை எடுக்கிற படம். கேமராவில் எந்த மூலை மங்கல், எங்கே தூசி என்று அது காட்டிக்கொடுக்கும். பிறகு அதை வைத்து ராத்திரிப் படங்களைச் சுத்தம் செய்யலாம். வானம் ரொம்ப வெளிச்சமாக இருந்தால் கேமரா நிரம்பி வழியும். ரொம்ப இருட்டினால் நட்சத்திரம் எட்டிப்பார்க்கும். நடுவில் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் பி, வி, ஆர் என்று மூன்று நிற ஃபில்டருக்கும் எடுத்தாக வேண்டும். ஒருவர் வினாடி சொல்ல, மற்றவர் கேமராவில் விழுந்த ஒளியின் எண்ணைப் படிக்கிறார்.

"அஞ்சு செகண்ட்."

"ஐம்பத்தெட்டாயிரம். ஜாஸ்தி."

"இரு, இரு, இருட்டட்டும்... இப்போ அஞ்சு."

"நாப்பதாயிரம். ஓகே! அடுத்தது எட்டு செகண்ட் போடு!"

வெளியே மலைக்குளிர். உள்ளே அவள் நெற்றியில் வியர்வை. ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைத் துளி நகர்த்துகிறாள். தப்பித் தவறி ஒரு நட்சத்திரம் விழுந்தாலும் அடுத்த படத்தில் அது வேறு இடத்தில் இருக்கும். ஏழு மணிக்கு மூன்றும் முடிந்தது. மேசையைத் தட்டினாள். பொதுமக்கள் யாரும் எந்தக் காலத்திலும் பார்க்கப்போகாத, ஒன்றுமே இல்லாத சாம்பல் படங்களுக்காக ஒரு அறை இத்தனை சந்தோஷப்படுவதை நான் பார்த்ததில்லை. நானும் தட்டினேன்.

ஏழரைக்கு முழு இருட்டு. வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றேன். எழுத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன், வேண்டாம். காலடிப்பேட்டை மாடியில் எண்ணியதை இங்கே யாரும் எண்ண முயல மாட்டார்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

உள்ளே ஃபோகஸ் சண்டை. ஒரு நட்சத்திரத்தை எடுத்து, துளி நகர்த்தி, மறுபடி எடுத்து, எது சின்னப் புள்ளியாக வருகிறது என்று பார்க்கிறார்கள். ராத்திரி குளிரக் குளிர இரும்பு சுருங்கும், ஃபோகஸ் நகரும், திரும்பவும் இதே வேலை. "இப்ப குண்டா இருக்கு", "இப்ப ஒல்லி", "இப்ப முட்டை" என்று நட்சத்திரத்தைப் பற்றி இவர்கள் பேசுகிற தொனி, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் பேசுகிற தொனியேதான். எட்டு மணி சுமாருக்கு ஓரியன் நெபுலா உச்சியில் இருந்தது. பட்டியலில் இல்லை. ஆனாலும் ஒரே ஒரு படம், பத்து வினாடி, எனக்காக! திரையில் அந்த வாயுச் சிறகு விரிந்ததும் நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பதினொன்றரைக்கு எம்67. இந்த நட்சத்திரக் கூட்டம் காவலூரில் தலைக்கு நேர் மேலே வருகிறது. உச்சிக்கும் அதற்கும் ஒரு பாகை வித்தியாசம்கூட இல்லை. இதிலுள்ள நட்சத்திரங்களின் நிறமும் பிரகாசமும் நன்றாக அளந்து வைத்தவை. அவற்றைப் படம் எடுத்தால், இன்றைக்கு நம் கேமராவும் காற்றும் எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகின்றன என்று தெரிந்துவிடும். சரக்கை ஏற்றுவதற்கு முன்னால் தராசைச் சோதிக்கிற வேலை என்று அப்பாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

நள்ளிரவு. என்ஜிசி 2903 என்கிற விண்மீன் மண்டலத்துக்கு ஐந்து ஐந்து நிமிட எக்ஸ்போஷர் ஓட ஆரம்பித்தது. இப்போது சாப்பாடு. ஃபிளாஸ்க் சுக்குக் காபி, பிரெட், முறுக்கு, நடுவில் எறால் தொக்கு. வேறொரு தொலைநோக்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாணவன் மோப்பம் பிடித்து வந்துவிட்டான். பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மா நூடுல்ஸ் அத்தோவைப் பற்றி அவள் வர்ணிக்க, அவன் பெங்களூர்க்காரன், அத்தோ என்றால் என்னவென்றே தெரியாதவன், தொக்கு வழித்த பிரெட்டோடு உறைந்து நின்றான். அடுத்த முறை ஒரு பார்சல் கொண்டுவருவதாக வாக்கு. பேச்சு எங்கே போனாலும் அவள் ஒரு கண் திரையில்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'டிங்' என்கிறது. எல்லோரும் மெல்லுவதை நிறுத்திப் புதுப் படத்தைப் பார்க்கிறார்கள். ஒரு படத்தின் குறுக்கே நேர்க்கோடு. செயற்கைக்கோள். "போச்சு, இன்னொண்ணு எடு."

ஒன்றே காலுக்கு மேகம் வந்தது. திரையில் நட்சத்திரங்கள் மங்கி மங்கி, ஒன்றொன்றாகக் காணாமல் போயின. மாற்றுப் பட்டியலும் பலிக்காத அடர்த்தி. டோமை மூடவில்லை, மழை இல்லை, காத்திருக்கலாம். இந்தக் காத்திருப்பில்தான் கதைகள் வெளிவருகின்றன. அசிஸ்டென்ட் கேட்டு வளர்ந்த கதை, 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது. அதை அளக்க இங்கே உள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோள் நட்சத்திரத்தை நெருங்கவே நேரம் இருக்கும்போது ஒளி திடீரென்று விழுந்து எழுந்தது. புதிய துணைக்கோளாக இருக்கும் என்றுதான் முதலில் எழுதினார்கள். அதே ராத்திரி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவும் இதே மாதிரி ஒளி விழுவதைப் பல முறை கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள்! முன்கூட்டியே கருவியை ஓடவிட்டதால்தான் கிடைத்தது. "அதனாலதான் சொல்றேன், அஞ்சு நிமிஷம் முன்னாலயே ஆரம்பிங்க" என்று முடித்தார். அந்தப் பட்டாச்சார்யாவின் பெயரால் ஆன டோமில் உட்கார்ந்துதான் இதைக் கேட்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. புல்லரித்தது.

இரண்டரைக்கு அவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "திறந்துடுச்சு!" என்று கத்தினார். கைபேசியில் செயற்கைக்கோள் படம் இன்னும் மேகம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு மணி நேரம் என்னிடம் யாரும் பேசவில்லை. மேகம் தின்ற நேரத்தை எங்கிருந்து மீட்பது? என்ஜிசி 2903-க்கு மீதி நாளைக்கு. சோம்ப்ரேரோ விண்மீன் மண்டலம் மூன்றே காலுக்கு உச்சி. மூன்று ஃபில்டர், ஒவ்வொன்றிலும் இரண்டே படம். முதல் படம் வந்ததும் ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள்: கத்தியால் கீறிய கறுப்புத் தூசிப் பட்டை, இரண்டு பக்கமும் ஒளி. சுமார் மூன்று கோடி ஒளியாண்டு தூரம். "அழகு. அடுத்தது" என்றாள். மூன்றே முக்காலுக்கு அது வெளியே போயாக வேண்டும். போனது, மூன்று நாற்பத்தாறுக்கு.

தொலைநோக்கி தெற்கே சாய்ந்தது. டோம் உறுமிக்கொண்டு சுற்றியது; அப்பா போடச் சொன்ன பத்து நிமிடத்தில் எட்டரை செலவானது. மூன்று ஐம்பத்தைந்துக்கு முதல் படம், அசிஸ்டென்ட் சொன்ன அதே ஐந்து நிமிடம் முன்னால். திரை முழுக்க நட்சத்திரம். நடுவில் ஒட்டி ஒட்டி வெள்ளைக் குவியல். பத்து வினாடி, அறுபது வினாடி, முந்நூறு வினாடி என்று மூன்று அளவில் எடுக்கிறாள். பிரகாசமானவை குறுகிய படத்திலும் மங்கலானவை நீண்டதிலும் கிடைக்கும். இதிலுள்ள ஒளி மாறும் நட்சத்திரங்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு புள்ளியைப் பென்சிலால் காட்டினாள். "இதோ இவன். நேத்து இருந்ததவிட இன்னிக்கு வேற வெளிச்சத்துல இருப்பான்." மதராஸ் வானாய்வகத்தில் ரகுநாதாச்சாரி கண் வைத்துக் கண்டதும் இப்படி மாறுகிற ஒருத்தனைத்தான்.

பி முடிந்தது. வி முடிந்தது. ஆர் ஒன்று. நாலு நாற்பதுக்கு ஈரப்பத எண் ஏற ஆரம்பித்தது. கண்ணாடியில் பனி படியவிடக் கூடாது. அதில் பேரமே இல்லை.

"மூடிடலாம்மா."

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. அறுபது செகண்ட்."

அவர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அறுபது. அதுக்கு மேல ஒண்ணு இல்ல." எடுத்தார்கள். கதவு மூடியது. நாங்கள் வெளியே வந்தபோது படிக்கட்டே தெரியவில்லை, அவ்வளவு பனி.

விடியற்காலை பிளாட் எடுக்க வழியில்லை, மாலையில் எடுத்தவை காப்பாற்றும். இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் ராத்திரி முழுசாக ஏறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. லாக் புக்கில் மேகம் வந்த நேரம், போன நேரம், செயற்கைக்கோள் விழுந்த படத்தின் எண், எல்லாம் எழுதினாள். உணவுக்கூடத்தில் சூடான இட்லி. கண் சிவந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்பது "எத்தனை மணி நேரம் கிடைச்சுது?" என்பதைத்தான்.

"நாளைக்கு ஒமேகாவ ஆர்ல ஆரம்பிச்சிடு" என்றார் அசிஸ்டென்ட், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "பனி வந்தாலும் மிச்சம் இருக்கறது பி, வி. அதுதான் இன்னிக்கே கைல இருக்கே."

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். பெங்களூர்ப் பையன் எட்டிப் பார்த்து, சோம்ப்ரேரோவுக்கு அரை மணி போதாது என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஏர்மாஸ் கணக்கில் இறங்கிவிட்டார்கள். சாம்பார் வாளியோடு வந்தவர், எந்தத் தட்டில் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.